தலைக்கு ஊற்றிய தயிர்

1

ஒரு மகளிர் இதழ் என்னிடம் கேட்டது கதையை அல்ல. முடி நன்றாக வளர என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு பக்கம் கேட்டார்கள். முட்டை, ஈரல், பருப்பு, கீரை, வாதுமை என்று எழுதிவிட்டேன். "இவற்றைத் தினமும்" என்று அடுத்த வரியைத் தொடங்கியதும் கை நின்றுவிட்டது. எங்கள் உஸ்பெகிஸ்தானின் ஃபெர்கானாப் பருத்திக் காட்டில் இதையெல்லாம் தினமும் எந்த மருமகள் தின்கிறாள்? அந்த இடத்தில் சனோபர் என்ற மருமகள் வந்து உட்கார்ந்தாள். கட்டுரை போயிற்று.

2

முதல் தொடக்கம்: "சனோபரின் கூந்தல் இரவைப்போலக் கறுத்து—"

(அடித்துவிட்டேன். பருத்தி பொறுக்குகிறவள் தலையில் இருப்பது தூசி.)

இரண்டாவது: குழந்தை பிறந்து சில மாதம் கழித்து சனோபர் தலை வாரினாள். சீப்போடு கைப்பிடி முடி வந்தது.

இது நிற்கட்டும். கணவன் தாலிப் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான், வசந்தத்தில் வருவான். அதற்குள் மருமகளின் பின்னல் பழையபடி ஆகிவிட வேண்டும் என்பது மாமியார் ஹோசியத்தின் கவலை. எங்கள் பக்கம் கூந்தலுக்குத் தயிர்தான் மருந்து. வீட்டில் இருப்பது ஒரே பசு.

3

"குனிடி. கண்ணுல பட்டா எரியும்." ஹோசியத் தயிர்க் கிண்ணத்தை மருமகள் தலைமேல் சாய்த்தாள்.

"அத்தை, இதுல எனக்குக் கொஞ்சம்…"

"கொஞ்சமா? முழுசும் உனக்குத்தான். நான் ஒரு சொட்டு நாக்குல வைக்கல."

அது உண்மை.

பக்கத்து வீட்டு முவத்தர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "என்ன ஹோசியத் அக்கா, மருமக தலையை ஊறப்போட்டு வேகவைக்கப் போறீங்களா?"

"உன் மருமக தலையைப் பாரு போ. தலைத்துணி நிக்காம வழுக்குது."

"என் மருமக நேத்து ஈரல் தின்னா. உங்க மருமக என்ன தின்னா?"

"ரொட்டியும் டீயும்" என்றாள் சனோபர், குனிந்தபடியே.

"ஏன்டி, கறி போட்டுப் புலவுச் சோறு ஆக்கினோமே!"

"கறி மாமாவுக்கும் கொழுந்தனுக்கும் போச்சு அத்தை. நான் உட்காரும்போது தட்டுல கேரட்டும் எண்ணெயும்தான். பிள்ளை வேற உறிஞ்சுறான்."

"நானும் அப்படித்தான் தின்னேன்" என்றாள் ஹோசியத்.

[இங்கே ஹோசியத்தைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. மருமகள் கடைசியில் சாப்பிடுவது அவள் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. அவள் தலைத்துணியை எழுத்தில்கூட அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் எவ்வளவு முடி மிச்சம் என்று தெரியும்.]

4

முடிவு ஒன்று: சனோபர் கிண்ணத்தைப் பிடுங்கித் தயிரைக் குடிக்கிறாள். படிப்பவர்கள் கைதட்டுவார்கள். சாயங்காலம் மாமனார் வந்து என்ன சொல்வார் என்பதை யார் எழுதுவது?

முடிவு இரண்டு: ஹோசியத் மனம் மாறி, கண்கலங்கி—

(ஒரே பத்தியில் மனம் மாறுகிற மாமியாரை நான் பார்த்ததில்லை.)

என்னால் இதுவரைதான் வர முடிந்தது. சாயங்காலம் அடுப்படியில் ஹோசியத் புலவின் மேல் வைக்கக் கறி நறுக்கினாள். ஒரு துண்டைப் பலகையின் ஓரத்துக்குத் தள்ளினாள். யாருக்கு என்று சொல்லவில்லை. அந்தத் துண்டு இல்லாமலே ஆண்களின் தட்டு உள்ளே போயிற்று.

"அம்மா, கறி இவ்வளவுதானா?" என்று இளைய மகன் குரல் கொடுத்தான்.

ஹோசியத் பலகையைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்.

அவள் பதிலை நான் எழுத மாட்டேன். உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவர் யாரோ, பேனாவை அவரிடம் கொடுங்கள்.

உள்ளே பார்த்து ஹோசியத் சொன்னாள்: "