தலையோடு தலை

1

இந்தக் கதை பெர்மாஸ் ஜெயாவில் ஒரு மருந்துக்கடை வரிசையில் பிறந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் இருமல் மருந்தைச் சத்தமாகக் கேட்டாள். பேன் மருந்து கேட்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதி நான் கட்டியது.

2

சனிக்கிழமைக் காலை வெயிலில், மகளின் கூந்தல் என்னும் கருங்காட்டுக்குள் பிரேமலாவின் விரல்கள்

(வேண்டாம். பேன் பார்க்கும் அம்மா காட்டையா நினைப்பாள்? பிள்ளை தலையை ஆட்டாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைப்பாள்.)

பிரேமலாவுக்குச் செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சின்னச் சின்னப் பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்கும் கண். அந்தக் கண்ணுக்கே ஒரு வாரம் தப்பியிருக்கிறது, இரண்டாம் வகுப்பு லோஷினியின் காதோரம் வரிசையாக ஒட்டியிருந்த ஈர்.*

"ஆட்டாத லா."

"வலிக்குதும்மா."

"யார்கிட்டேர்ந்து வந்துச்சு?"

லோஷினி துண்டின் நுனியைத் திருகினாள். "ஷர்மைன். அவளுக்குப் பேன்னு யாரும் பக்கத்துல உக்கார மாட்றாங்க. கேண்டீன்ல தனியா அழுதா. நான் போயி தலையோட தல ஒட்டி உக்காந்துக்கிட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"அவ என் கூட்டாளிம்மா."

* மலாயில் பேனுக்குக் 'கூத்து' என்று பெயர். நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

3

முதல் வரைவில் பிரேமலா இந்த இடத்தில் மகளைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆறு நாள் ஷிப்ட் முடித்து வந்தவள். தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் இனிமேல்தான் துவைக்க வேண்டும். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ஒனக்கு ஏன்டி இந்த வேல?" என்று சீப்பை அழுத்தி இழுத்தாள். லோஷினி சத்தமில்லாமல் அழுதாள்.

கைப்பேசியில் வகுப்புப் பெற்றோர் குழு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பேன் யார் பிள்ளையிடமிருந்து பரவுகிறது என்று தெரிந்தால் தள்ளி உட்காரவைக்கலாமே என்றார் ஒருவர். ஷர்மைன்தானே என்றார் இன்னொருவர். ஷர்மைனின் அம்மா செசிலியாவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். ஒன்றும் எழுதவில்லை.

பிரேமலா 'ஆமா' என்று தட்டினாள். அனுப்பவில்லை. மகளின் சிவந்த காதைப் பார்த்தாள். அழித்துவிட்டு எழுதினாள்: 'என் மகள் தலையிலும் இருக்கு. இப்பதான் பாத்தேன். எல்லாரும் வீட்ல பாத்துருங்க.'



4

முடிவு அ: 'எங்க வீட்லயும்' என்று எல்லாரும் வரிசையாக

(இல்லை. மனிதர்கள் அவ்வளவு வேகமாகத் திருந்தினால் எனக்கு வேலையில்லை.)

முடிவு ஆ: செசிலியா அழைத்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. "எந்த மருந்துங்க நல்லாருக்கு?" என்று மட்டும் கேட்டாள். பிரேமலா பெயரைச் சொன்னாள், சத்தமாகவே. இதை வைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் பிரேமலா குனிந்து சொன்னாள்: "மருந்து போட்டு முடியற வரைக்கும் கொஞ்சம் தள்ளி உக்காரு, என்ன?" அதுவும் நியாயம்தான். லோஷினி தலையாட்டினாள். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும்தான் தலையாட்டுகிறார்கள்.

வகுப்பில் ஷர்மைன் பக்கத்து நாற்காலி காலி. லோஷினி பையோடு கதவருகே நிற்கிறாள். நான் இதற்கு மேல் உள்ளே போகப்போவதில்லை. எனக்கு வயதாகிவிட்டது, எதை எழுதினாலும் நியாயம் பார்த்துவிடுவேன். நீங்களும் இரண்டாம் வகுப்பில் இருந்தவர்தானே. அவளை நீங்களே உட்காரவையுங்கள்.