சீட்டில் விழுந்த இரண்டு குழிகள்

தன் சைக்கிளின் தோல் சீட்டின் மேல் நூலகருக்கு இருந்த கரிசனத்தில் கால்வாசி மனைவி மேல் இருந்திருந்தால், அந்தம்மாள் கொடுத்துவைத்தவள். மனுஷன் நாள் தவறாமல் அதற்கு மெழுகு தேய்ப்பார். தூறல் விழுந்தால் தான் நனைந்தாலும் சீட்டுக்குப் பை மாட்டுவார். ஓட்டுவது மட்டும் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் தெருமுனை வரை. வேலைக்குப் போவதெல்லாம் பஸ்ஸில்தான்.

வருகிறவர்களிடமெல்லாம் சீட்டில் விழுந்திருந்த இரண்டு குழிகளைக் காட்டுவார். "பதினோரு வருஷம்! உட்கார உட்காரத்தான் தோல் படியும். இது எனக்குன்னே படிஞ்சது. வேற ஆள் உட்கார்ந்தா போச்சு!"

சாயங்காலம் வந்ததும் சீட்டைத்தான் முதலில் தடவுவார். "தொட்டுப் பாரு, எப்படிக் கதகதன்னு இருக்கு! நல்ல தோலுக்கு உயிர் இருக்குடி."

தையல் மெஷினில் இருந்த மனைவி நிமிராமலே, "இருக்கும் இருக்கும்" என்பாள்.

அப்பேர்ப்பட்ட சீட்டு நடுவில் தொய்ய ஆரம்பித்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. தோலை இழுத்துப் பிடிக்க அடியில் இருந்த திருகாணியை அரைச்சுற்று முறுக்கினார். அடுத்த வாரம் மறுபடியும் தொய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடைக்குக் கிளம்பினார். "நானும் வர்றேன்" என்று மனைவி ஒட்டிக்கொண்டாள்.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "நாள் பூரா ஓடுற சீட்டு சார் இது."

"வாரத்துக்கு ஒரு நாள்தாம்ப்பா!"

"ஏறி உட்காருங்க, பார்ப்போம்."

உட்கார்ந்தார். எந்தப் பக்கம் நெளிந்தாலும் குழி இரண்டும் வெளியேதான் தெரிந்தன.

"வலிக்குதா?"

"பழகிடுச்சு."

"கோவிச்சுக்காதீங்க சார், இந்தக் குழி உங்களது இல்ல. உங்களுக்கு உட்காருற எலும்பு கிட்டக்கிட்ட இருக்கு. இது வேற ஆள்."

நூலகர் துள்ளிக் கீழே இறங்கினார். "எந்தப் படுபாவி என் சீட்டுல உட்கார்ந்தது?"

"விடுங்க சார். ஊறவச்சுத் தட்டி நிமித்திட்டா உங்களுக்குப் புதுசாப் படியும்" என்று கடைக்காரர் ஸ்பேனரை எடுத்தார்.

"ஐயையோ, கை வைக்காதீங்க!" மனைவி பாய்ந்து வந்து சைக்கிளைப் பிடுங்கி ஏறி உட்கார்ந்தாள். டப்பாவுக்கு மூடி போட்ட மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது. குழி இரண்டையும் காணோம்.

நூலகர் வாயைப் பிளந்தார்.

"என்ன பார்க்கிறீங்க? தைச்ச துணியெல்லாம் வீடு வீடா யார் கொண்டுபோய்க் குடுக்கிறதாம்? நீங்க பஸ் ஏறினதும் நான் இதுல ஏறிடுவேன்."

"அப்போ... அந்தக் கதகதப்பு?"

"நீங்க வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் இறங்குவேன்."

பதினோரு வருஷ மெழுகு! மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைக்காரர் சிரிப்பை அடக்கமாட்டாமல் திரும்பிக்கொண்டார். "ஒண்ணு சார், நீங்க ஒழுங்கா மெழுகு போட்டதாலதான் அம்மா இத்தனை வருஷம் நோகாம ஓட்டியிருக்காங்க" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் மிதித்தாள். அவர் பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்தார். ஒரு பள்ளத்தில் சைக்கிள் தூக்கிப் போட்டது.

"மெதுவாப் போடி, கம்பி குத்துது!"

"பதினோரு வருஷம் ஆகும்ங்க. உட்கார உட்காரத்தான் படியும்" என்றாள் அவள்.