பாத்திரத்தில் மிஞ்சியது

மழை விட்டு வெயில் தலைகாட்டிய ஞாயிற்றுக்கிழமை. எஸ்றா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரைப் பிடித்தான். கிருபாபாயின் கண் அதில்தான் போய் விழுந்தது. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் பழகிய கண்.

மகள் தேவமணி நாசரேத்தில் டீச்சர். அவளை எஸ்றாவுக்குக் கொடுப்பதா, வேண்டாமா என்று அன்று சாயங்காலம் அவன் வீட்டாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் கிருபாபாய் தனியாக ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாமென்று, கோயில் ஆராதனை முடிந்ததும் அவனை வரச் சொல்லியிருந்தாள். அவள் நைட் டூட்டி முடித்து வந்ததால் கோயிலுக்குப் போகவில்லை.

"வாங்க தம்பி, உக்காருங்க."

முகம் சிவந்திருந்தது. கண்ணில் ஒரு மினுமினுப்பு. விசிறியைக் கொடுக்கிற சாக்கில் கிட்டே போனாள். வாடை அடித்தது. சாராயம் இல்லை, இனிப்பும் புளிப்புமாக வேறு எதுவோ. இவன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். மதுவிலக்கு வந்து ஊரில் கடைகளை மூடிவிட்டார்கள். வெளிநாட்டுக் கப்பலில் பாட்டிலுக்கா பஞ்சம்?

"தம்பி, குடிச்சிருக்கீங்களா?"

அவன் திடுக்கிட்டான். "இல்லத்தே. நான் அதைத் தொட்டதே கிடையாது."

அவளுக்கு நெஞ்சு கசந்தது. செத்துப்போன புருஷனும் இப்படித்தான், வாயெல்லாம் மணக்க, "இல்லை" என்பார். அழுத்திக் கேட்டால், "ஒரு வாய்தான்" என்பார். ஈரல் கெட்டுப் படுத்த பிறகும் அதே ஒரு வாய்தான். குடியையாவது பொறுத்திருப்பாள், அந்தப் பொய்யைத்தான் அவளால் பொறுக்க முடிந்ததில்லை. தேவமணி தலையிலும் அந்தச் சிலுவையை ஏற்றுவதா?

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. ராச்சாப்பாட்டுக்குப் பிறகு பச்சத்தண்ணிகூட இல்ல."

அதனால்தான் இப்படி ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வயிற்றில் சோறு கிடந்தால் அது மதுவைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். காலி வயிறு அதைச் சட்டென்று சிறுகுடலுக்குத் தள்ளிவிடும். அங்கிருந்து ரத்தத்துக்கும் தலைக்கும் போக நேரமாகாது. இவன் குடித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நற்கருணையில் உதடு நனைக்கிற புளித்த திராட்சரசச் சொட்டுக்கு எவனும் சுவரைப் பிடிக்க மாட்டான். அப்படியானால் கோயிலுக்குப் போனதும் பொய்.

அனுப்பிவிட வேண்டியதுதான். ஆனால் பசித்தவனை வெறும் வயிற்றோடு அனுப்ப ஆண்டவர் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. ரத்தத்தில் ஏறினது இட்லிக்கு இறங்காது என்று தெரிந்தும் இட்லி வைத்தாள். அவன் கண்ணை மூடி ஜெபித்தான். நல்ல நடிப்பு.

"கோயில்ல கூட்டமோ?" என்று தூண்டில் போட்டாள்.

"எங்கத்தே, சாத்தான்குளம் ரோட்டுல வெள்ளம். பண்டிகைக்கு வார சனம் பாதி வரல. போதகர் ஐயா, வந்துருவாங்கன்னு நம்பி, திராட்சரசத்தை நெறைய ஊத்தி ஜெபம் பண்ணிட்டாரு. அம்புட்டும் மிஞ்சிட்டு."

சட்னிக் கரண்டி அந்தரத்தில் நின்றது. "மிஞ்சினதை?"

"ஜெபம் பண்ணினதைக் கொட்டலாமா? ஐயாவுக்கு வயித்துப்புண்ணு. பாத்திரத்தை எங்கிட்ட நீட்டினாரு. நாந்தான் எடுத்தேன்."

"கொஞ்சமா இருந்துதோ?"

"கொஞ்சமா? பாத்திரம் ரெண்டு தடவை நிறைஞ்சுது. நற்கருணைக்கு முன்ன பல்லுல தண்ணி படக்கூடாதுன்னு எங்க அம்மை வளத்தது, அதனால வெறும் வயிறு. படி இறங்கயில காலு ஒரு மாதிரியா மெதந்துது. பரிசுத்த ஆவியாக்கும்னு நெனச்சேன்."

கிருபாபாய் அவனையே பார்த்தாள். குடிக்கிறவன் எவனும் அளவைக் கூட்டிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"பிறகு ஏன் குடிக்கலைன்னீங்க?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "நற்கருணையக் குடிச்சேன்னு எப்படித்தே சொல்லுதது? அது எடுக்கிறதுல்லா."

"வயித்துக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது தம்பி. எடுத்தாலும் குடிச்சாலும் அதுக்கு ஒண்ணுதான்."

அவன் தலை குனிந்துகொண்டான். பிறகு மெல்ல எழுந்தான். "மத்தியானம் ஷிப்டு இருக்கு. வாரேன்."

"எங்க, வின்ச்ல ஏறவா? சரக்குக்குக் கீழ ஆளு நிக்கும். ரத்தத்துல இருக்கிறதை ஈரல் மெல்ல மெல்லத்தான் எரிக்கும், அதை விரட்ட முடியாது. அந்தக் கட்டில்ல படுத்துக் கிடங்க."

"போகலன்னா குடிச்சுட்டுக் கிடக்கான்னு மேஸ்திரி சொல்லுவாரே."

"நான் போய்ச் சொல்லுதேன்." அவள் குடையை எடுத்தாள்.

"நீங்க யாருன்னு கேப்பாரு."

"மாமியாருன்னு சொல்லுதேன். நீங்க மிச்ச இட்லியச் சாப்பிடுங்க."