பூனைப்பருந்து வர்ற நேரம்

புஷ்பமேரி அத்தை பாட்டில் மூடியத் திறந்து தீர்த்தத்த கிளாட்வின் மூஞ்சில தெளிச்சதுதான், அவன் தொண்டைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு ஒரு கத்து கத்துனான். கீழ ஒக்காந்து காய் நறுக்கிட்டிருந்த தங்கச்சி பெனிஷா விரல்ல கத்தி கீறிடுச்சு.

"பாத்தியா, தீர்த்தம் பட்டா அலறுறான். நான் சொல்லல? காத்து கருப்புதான்." அத்தை சிலுவ போட்டுக்கிட்டாங்க. "அந்தப் பொட்டக்காட்டுல கரண்டு காத்தாடிக்கு அடியில பொழுதன்னிக்கும் நின்னா புடிக்காம என்னா செய்யும்?"

அந்தப் புழுக்கத்துலயும் வீட்டுல ஃபேன் ஓடல. லீவுல வந்திருந்த அவன்தான் போடாத போடாதன்னு காலையிலேர்ந்து கெஞ்சிட்டிருந்தான். காத்து மூஞ்சில பட்டாலே ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுது. அப்பா அமலநாதன் போயி ஆட்டோ கூட்டியாந்தாரு. லாஸ்பேட்டையிலேர்ந்து ஆஸ்பத்திரி போற வரைக்கும் அண்ணன் வாயிலேர்ந்து எச்சி வழிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. பெனிஷாதான் தொடச்சிக்கிட்டே வந்தா. அந்த விரலாலதான். அப்ப அது அவளுக்குத் தோணவே இல்ல.

டாக்டரம்மா ஒரு பேப்பர எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரா லேசா விசிறுனாங்க. கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரி இழுத்துக்கிச்சு. பேப்பர கீழ வெச்சுட்டாங்க.

"நாய் கடிச்சுதா?"

"இல்லியே"ன்னாரு அப்பா.

"கடிச்சுது"ன்னான் கிளாட்வின். "தீபாவளிக்கு முன்ன."

"ஊசி போட்டீங்களா?"

"ஒண்ணு போட்டேன்."

"மீதி?"

"ஊசிக்கு டவுனுக்குப் போவணும் மேடம். சீசன். நான் போயிட்டா அங்க பாக்க ஆளில்ல."

அவன் வேல அதுதான், பாக்குறது. தூத்துக்குடி பக்கம் ஒரு காத்தாலை கம்பெனி. குளிர் வந்தா ரஷ்யா பக்கத்துலேர்ந்தெல்லாம் பூனைப்பருந்து பறந்து வந்து அங்க இருக்குற புல்லுக்காட்டுல தங்கும். பகலெல்லாம் சுத்திட்டு பொழுது சாயறப்ப தூங்குறதுக்குக் கூட்டமா எறங்கும். வெட்டுக்கிளி தேடித் தேடி தலைய குனிஞ்சே பறக்குற பறவ அது, எதுக்க காத்தாடி எறக்க சுத்துறது அதுக்குத் தெரியாது. கூட்டம் வர்றத கிளாட்வின் பைனாகுலர்ல பாத்துட்டு கன்ட்ரோல் ரூமுக்கு போன் அடிச்சா, அவங்க காத்தாடிய நிறுத்துவாங்க. கடந்து போனதும் ஓட விடுவாங்க. "வானத்த வேடிக்க பாத்து சம்பளம் வாங்குற ஒரே ஆள் எம்புள்ளதான்"னு அப்பா எல்லார்கிட்டயும் நக்கல் பண்ணுவாரு. அடிபட்டு விழுறதத் திங்கறதுக்குன்னே காத்தாடிக்கு அடியில நாய்ங்க படுத்துக் கெடக்கும்ங்கறது மட்டும் இந்த வீட்டுல யாருக்கும் தெரியாது.

டாக்டரம்மா அப்பாவ வெளியில கூப்புட்டாங்க. "இந்த நெலமைக்கு வந்தப்பறம் மருந்து கெடையாது சார். கஷ்டம் தெரியாம பாத்துக்கிறோம், அவ்ளோதான். எச்சி பட்டவங்க எல்லாரும் இப்பவே ஊசி போட்டுக்கங்க."

போட்டுக்கிட்டாங்க. பெனிஷா விரலக் காட்டுனப்ப, கீறலச் சுத்தியும் தனியா ஒரு ஊசி போட்டாங்க. "பயப்படாதம்மா"ன்னாங்க நர்ஸு. அதச் சொல்லாம இருந்திருக்கலாம்.

மறுநாள் பொழுதுக்கும் பெனிஷா அண்ணன் இருந்த ரூமுக்குள்ள கால வெக்கல. உள்ள ஜன்னலெல்லாம் சாத்தி, லைட்டு ஃபேன் எல்லாத்தையும் அணைச்சி, அப்பா மட்டும் இருட்டுல ஒக்காந்திருந்தாரு. இவ வாசல்ல ஒரு தண்ணி பாட்டில கட்டிப் புடிச்சிக்கிட்டு நின்னா. தாகம்லாம் இல்ல. சும்மா ஒரு வாய் குடிப்பா. எறங்குதா, எறங்குது. கொஞ்ச நேரம் கழிச்சி இன்னொரு வாய். எறங்குது. ஒரு தடவ பொறையேறிடுச்சு. அவ்ளோதான், செவுத்தப் புடிச்சிக்கிட்டு ஒடனே இன்னொரு வாய் குடிச்சிப் பாத்தா.

"தண்ணியத் தெளிச்சேனே பெனி"ன்னாங்க அத்தை. காலையிலேர்ந்து இதே பேச்சுதான்.

சாயங்காலம் அப்பா கதவத் தெறந்துகிட்டு வந்தாரு. கையில அண்ணன் போனு.

"நிறுத்தியாச்சா நிறுத்தியாச்சான்னே கேக்குறான். ஃபேன் ஓடலடான்னேன். அது இல்லங்குறான். கன்ட்ரோல் ரூம் ராஜவேலுகிட்ட சொல்லணுமாம். எனக்கு என்னா பேசுறதுன்னு தெரியல பாப்பா."

பெனிஷா அந்தப் போனுலேர்ந்தே அடிச்சா.

"கிளாட்வின் அண்ணே, மட்டன் போட்டு தேத்திவுட்டாங்களா வீட்டுல?"ன்னுச்சு ஒரு கொரலு.

"நான் தங்கச்சி பேசுறேன்." சொல்ல வேண்டியத எல்லாம் சொன்னா. எப்புடி சொன்னாளோ. அண்ணன் நிறுத்தியாச்சான்னே கேக்குறதையும் ராஜவேலுகிட்ட சொன்னா.

"பறவ வருதுன்னு யாராச்சும் பாத்து சொன்னாதாங்க நான் நிறுத்த முடியும். அண்ணனுக்குப் பதிலு யாரையும் போடல. இப்ப எல்லாமே ஓடிட்டுதான் இருக்கு."

"ம்."

"கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. வருதுன்னு அண்ணன் சொல்றாராங்க?"

பெனிஷா கதவப் பாத்தா.

"சொல்லுது"ன்னா.

"சரி. நிறுத்துறேன். கடந்ததும் சொல்லுங்க, அப்பதான் ஓட விடணும்."

இத அண்ணன்கிட்ட யாராச்சும் போய் சொல்லணும். அப்பா செவுத்துல சாஞ்சி தரையிலயே ஒக்காந்துட்டாரு. நர்ஸு ஒரு ஜோடி கிளவுஸ நீட்டுனாங்க. அதுல ஒரே எடத்துல ரெண்டு விரலு போச்சு, கழட்டி மறுபடி மாட்டுனா. பாட்டில அத்தைகிட்ட குடுத்துட்டு உள்ள போனா.

உள்ள மருந்து வாடை. கட்டுலு எங்க இருக்குன்னே மொதல்ல தெரியல. மூச்சு சத்தத்த வெச்சிதான் கிட்ட போனா. அவன் கையக் கட்டிலோட சேத்து துணியால கட்டியிருந்தாங்க.

"அண்ணா, நின்னுடுச்சு. ராஜவேலு நிறுத்திட்டாரு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"எவ்ளோ வருது?"

அந்தப் பறவைய அவ பாத்ததே இல்ல. ஃபோட்டோவுலதான்.

"நெறய"ன்னா. "எண்ண முடியல. தாழ வருது."

"சத்தம் போடாத. எறங்கட்டும்."

சத்தம் போடல. அவன் விரலு இவ கிளவுஸத் தடவி புடிச்சிக்கிச்சு. கையப் புடுங்கிக்கிட்டு ஓடிடலாம்னுதான் இருந்துச்சு. புடுங்கல. அவன் வுடுற மூச்சு மூஞ்சில படக்கூடாதுன்னு தலைய மட்டும் திருப்பிக்கிட்டா. மூச்சு விட்டு விட்டு வந்துச்சு. அப்பறம் வரல. அவ திரும்பிப் பாக்கவே இல்ல.

போன் அதிர்ந்துச்சு. எடது கையால எடுத்தா.

"பறவ கடந்துடுச்சாங்க? மேலிடத்துலேர்ந்து கேக்குறாங்க. ஓட விட்டுடலாமா?"

அண்ணன் விரலு இன்னும் அவ கையப் புடிச்சமேனிக்கே இருந்துச்சு.

"இன்னும் கடக்கல"ன்னா பெனிஷா. "கொஞ்சம் இருங்க."

அந்தப் பக்கம் ராஜவேலு எதுவும் கேக்கல. போன வெக்கவும் இல்ல.