பாட்டுக்கு அடியில்

அந்தக் கோதாரி விழுந்த கொம்பியூட்டர் மறுபடியும் நின்றது. வெட்டிய வீடியோவைக் கோத்துச் சேர்க்கிற வேலை முக்கால்வாசி ஓடி, இனி முடிந்துவிடும் என்று அமிர்தநாயகம் பிளேன்ரீக்குக் கையை நீட்டிய நேரம் பார்த்து, திரை வெளிறி, எடிட்டிங் சொஃப்ட்வெயர் தானாகவே மூடிக்கொண்டது. ஏதோ பிழை நடந்துவிட்டதாம், ஆங்கிலத்தில் ஒரு வரி. என்ன பிழை என்று சொல்லித் தொலைத்தால் அதற்கு என்ன குறைந்துவிடும்?

மன்னார் ரவுணில் கலியாணம், சாமத்தியவீடு, முதல் நன்மை எல்லாவற்றுக்கும் வீடியோ எடுத்து வெட்டிக் கொடுக்கிறவன் அவன். எத்தனையோ கலியாணங்களை இதே பெட்டியில் வெட்டித் தள்ளியிருக்கிறான். கீரிக் கிராமத்து அன்ரோனெற்றின் கலியாணம் மட்டும் அவன் உயிரை வாங்கியது.

பக்கத்துக் கதிரையில் செபஸ்தியம்மா இருந்தாள். அன்ரோனெற்றின் தாய். கையில் செபமாலை உருண்டுகொண்டிருந்தது.

"என்ன தம்பி, நிண்டுட்டுதோ?"

"ஓம் அக்கா, நிண்டுட்டுது."

"திரும்பப் போடுங்கோவன்."

"போடத்தான் போறன். போட்டால் திரும்பவும் நிக்கும்."

அவளைக் கோபிக்கவும் வழியில்லை. கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் அவளுடைய மகன் எட்வேட் கடலுக்குப் போனான். ஆளும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. நேவிக் காம்பில் கேட்டாயிற்று, பங்குச் சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு போயும் கேட்டாயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு மகளும் மருமகனும் களவாக வள்ளமேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் அகதி முகாமில் இருக்கிறார்கள். இந்த ஞாயிறு செபஸ்தியம்மாவும் போகிறாள். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் வேணும் தம்பி" என்று மட்டுந்தான் சொன்னாள். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, சண்டை நடந்த மன்னாரில் அப்படிச் சொன்னால் எவருக்கும் விளங்கும். எட்வேட் நடமாடுகிற படம் உலகத்தில் இந்தக் கலியாண வீடியோ ஒன்றுதான். அது கையில் இல்லாமல் வள்ளத்தில் கால் வைக்கமாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

கரைச்சல் என்னவென்றால், அந்தப் பெடியன் ஓரிடத்தில் நின்றால்தானே. தங்கச்சியின் கலியாணத்தில் தமையன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா? சோடாத் தட்டோடு இந்தப் பக்கம் ஓடுவான், கதிரை தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடுவான். திரையில் வந்த கையோடு மறைந்துவிடுவான். முதல் நாளே செபஸ்தியம்மா கேட்டாள், "அவன் வாற இடமெல்லாம் கொஞ்சம் மெதுவாக்குங்கோ தம்பி, முகம் பிடிபடேல்லை." மெதுவாக்கினான். அடுத்த நாள் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றாள். மெதுவாக்கியதற்கு மேலே மெதுவாக்கினான். அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். வந்த சனத்தில் ஒருவரையும் வெட்டவும் கூடாது, அங்கே மகள் எல்லோரையும் பார்க்கவேண்டும். கடைசியில் வீடியோ கலியாணத்தை விட நீளமாகப் போய் நின்றது. இந்தச் சுமையை இழுக்கச் சொன்னால் பெட்டி படுக்காமல் வேறென்ன செய்யும்?

அவன் செய்யாத வைத்தியமில்லை. பழைய கலியாணங்களை அழித்து இடம் பண்ணினான். சொஃப்ட்வெயரைக் கழற்றித் திரும்பப் போட்டான். இருந்த ஒரேயொரு விசிறியைப் பெட்டிக்குத் திருப்பிவிட்டு, தான் வேர்த்து ஒழுகினான். இடையில் கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. படத்தைத் துண்டு துண்டாக்கி ஓடவிட்டுப் பார்த்தான். கோயில் துண்டு ஓடியது. கேக் வெட்டும் துண்டு ஓடியது. விருந்துத் துண்டு வந்ததும் படுத்துவிட்டது. எட்வேட் அதிகம் ஓடித் திரிந்த இடமும் அதுதான்.

கடைசியில் றஊப்புக்கு ஃபோன் எடுத்தான். சிலாவத்துறை ஆள், இப்போது புத்தளத்தில் இதே தொழில்.

"எல்லாத்தையும் கழட்டுங்க" என்றான் றஊப். "மெதுவாக்கினது, பூப்போட்டது, பாட்டு, எல்லாம். வெறும் படத்த மட்டும் ஓட விடுங்க. அது ஓடினாப் பிறகு ஒண்டொண்டாப் போட்டுப் பாருங்க."

"அப்ப இத்தனை நாள் செய்த வேலை நாசமாப் போறதோ?"

"இப்ப மட்டும் என்னவாம், நல்லாவா இருக்கு?"

ஃபோனை வைத்துவிட்டுக் கழற்றத் தொடங்கினான். விழுகிற ரோசாப்பூக்கள் போயின. மெதுவாக்கியதெல்லாம் போனது. கடைசியாகப் பாட்டு. கலியாண வீடியோ என்றால் மண்டபச் சத்தத்தை அடைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை மேலே சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவதுதான் வழக்கம். கதிரை இழுபடுகிற சத்தமும் சனத்தின் அலட்டலும் எவருக்கு வேண்டும்? பாட்டில்லாமல் கொடுத்தால் காசு தரமாட்டார்கள். அவனும் ஸ்பீக்கரை நிறுத்திவைத்துத்தான் வெட்டுவான்.

பாட்டைக் கழற்றியதும், சத்தம் சரியா என்று பார்க்க ஸ்பீக்கரைத் திருகிவிட்டு விருந்துத் துண்டை ஓடவிட்டான். கோப்பைகள் மோதின. ஒரு குழந்தை வீரிட்டது. எட்வேட் தன்னுடைய வேகத்தில் சோடாத் தட்டோடு வந்தான். நேரே கமராவுக்கு முன்னால் வந்து, சிரித்து, வாயைத் திறந்தான்.

"அண்ணை, அந்தக் கமராவைக் கீழ வைச்சிட்டு வாங்கோ. நீங்கள் இன்னும் சாப்பிடேல்லையெண்டு அம்மா என்னை ஏசுறா."

சொன்ன கையோடு ஓடிவிட்டான்.

செபமாலை நின்றுவிட்டது. "அவன்ரை குரல்" என்றாள் செபஸ்தியம்மா. "தம்பி, அது எங்கையிருந்து வந்தது?"

"உள்ளுக்குத்தான் இருந்தது அக்கா. நாங்கள்தான் மேல பாட்டைப் போட்டு மூடிப்போட்டம்."

ஏசப் போகிறாள் என்று நினைத்தான். அவள் ஏசவில்லை.

"இன்னொருக்காப் போடுங்கோ."

போட்டான். பிறகும் போட்டான். அவளுடைய வாய் மகனோடு சேர்ந்து அசைந்தது. ஆனாலும் அவளுக்கு உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்.

"அக்கா, இதை மெதுவாக்கினால் குரல் இழுபட்டுக் கெட்டுப் போகும். முகம் வேணுமோ, குரல் வேணுமோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

அவள் செபமாலையை மடியில் வைத்தாள்.

"மெதுவாக்க வேண்டாம் தம்பி. பாட்டும் வேண்டாம். அவன் ஓடட்டும்."

அன்று பின்னேரம் அந்தச் சனியன் பிடித்த பெட்டி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முழுக் கலியாணத்தையும் ஓடி முடித்தது. இவ்வளவு நாளும் இதைச் செய்ய உனக்கு என்ன நோவு என்று அதற்கு ஒரு உதை கொடுக்கலாம் போலிருந்தது. டிஸ்க்குகளில் இறக்கி, ஈரம் படாமலிருக்க ஷொப்பிங் பையில் இறுக்கிச் சுற்றி, அவள் கையில் கொடுத்தான். அவள் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழும்பினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"அண்டைக்கு நீங்கள் சாப்பிட்டனீங்களோ தம்பி?"

அவனுக்குத் துப்புரவாக ஞாபகமில்லை.

"ஓம் அக்கா, சாப்பிட்டனான்" என்றான் அமிர்தநாயகம். "எட்வேட்தான் போட்டுத் தந்தவன்."