நாலாவது பாட்டில் ஒரு மூச்சு

ஸ்கேன் அறையில் அவளுக்குக் கறார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. நேரம் தவறினால் பெரிய டாக்டரையே கதவுக்கு வெளியே நிற்க வைப்பவள். அப்படிப்பட்டவளே இன்று காலை நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஷினின் குழாய்க்குள் படுத்திருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். ஆறடி ஆள். தன் கல்லீரலில் ஒரு பங்கைத் தங்கச்சிக்குக் கொடுக்க வந்திருந்தார். வீட்டில் வேறு யாருடையதும் பொருந்தவில்லை. அவருடைய கல்லீரலில் ரத்தக்குழாய்கள் எப்படிப் பிரிகின்றன என்று படத்தில் துல்லியமாகத் தெரிந்தால் நாளைக்கே அறுவை சிகிச்சை. தெரியாவிட்டால் தள்ளிப்போகும். தள்ளிப்போட அந்தப் பெண்ணிடம் நாள் இல்லை என்று டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார். "பன்னெண்டு மணிக்குள்ள படம் என் கைல இருக்கணும்."

படம் எடுக்கப் பதினாறு விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். அதையும் நினைத்தபோது எடுக்க முடியாது. ரத்தக்குழாய்களைப் படத்தில் துலக்கிக் காட்டும் மருந்தைக் கை நரம்பில் ஏற்றி, அது கல்லீரலுக்குள் நுழைகிற சமயம் பார்த்து எடுக்க வேண்டும். இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. தவறிப்போனால் அந்த மருந்தை இன்றைக்கு மறுபடி ஏற்றக் கூடாது.

ஒத்திகையிலேயே மூன்று முறையும் மெக்கானிக் கோட்டை விட்டார். கறார் மைக்கில், "மூச்சை இழுங்க, அப்படியே பிடிச்சுக்கோங்க" என்பாள். ஏழு, எட்டு விநாடி போகும். புஸ்ஸென்று விட்டுவிடுவார்.

"தினம் லிஃப்ட் குழியில இறங்குற ஆளு நீங்க. இதுக்குப் போயி பயப்படலாமா?"

"அங்க நான் நின்னுட்டு இருப்பேன் மேடம். இங்க படுக்க வச்சு மூடிட்டீங்க. நீங்க சொன்ன உடனே நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. நான் என்ன வேணும்னேவா செய்யறேன்?"

கறாருக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இந்த ஆளைத் திட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. மணி பதினொன்று.

மேசையில் ஒரு பென் டிரைவும் ஒரு துண்டுச் சீட்டும் கிடந்தன. குழாய்க்குள் கேட்பதற்கென்று தங்கச்சி கொடுத்தனுப்பியவை. அவளே வெளியே தாழ்வாரத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் மஞ்சள். வார்டுக்குப் போகச் சொன்னால் காதில் வாங்கவில்லை. அண்ணனுக்குக் கொஞ்சமும் சளைக்காத பிடிவாதம்.

"என்ன பாட்டு இது?"

"ஜப்பான்காரி ஒருத்தி மேடம். எட்டுப் பாட்டும் அவதான் பாடியிருக்கா. என் தங்கச்சிக்கு உசிரு. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. இருபது வருஷமா கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

சீட்டில் தங்கச்சி எண் போட்டு எழுதியிருந்தாள். முதல் பாட்டுக்கு நேரே, 'மெதுவா ஆரம்பிக்கும், பயப்படாதே'. மூன்றாவதற்கு, 'கடையைப் பூட்டிட்டு வீட்டுக்கு நடக்கிறவளோட பாட்டு'. நாலாவதற்கு ஒரே சொல், 'மூச்சு'.

மெஷினைச் சும்மா போட்டுவைப்பது கறாருக்குச் சோற்றைக் குப்பையில் கொட்டுவது மாதிரி. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டை மட்டும் ஓடவிட்டாள். கனத்த, லேசாகக் கரகரத்த குரல். பாஷை புரியாமலே அது ஆளை உள்ளே இழுத்தது. மெக்கானிக்கின் வயிற்றில் கட்டியிருந்த பெல்ட் அவர் மூச்சைத் திரையில் அலை அலையாகக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டில் அலை அடங்கியது. மூன்றாவதில் தூங்குகிறவரின் மூச்சுபோல் ஆனது.

நாலாவது பாட்டின் நடுவில் அலை நின்றுவிட்டது.

கறார் பதறி எழுந்தாள். திரையில் நேர்கோடு. ஐந்து விநாடி, பத்து, பதினைந்து. பாடகி ஒரு நீண்ட வரியை முடித்து மூச்சு வாங்கினாள். அவரும் மூச்சு விட்டார். பதினேழு விநாடி.

"சார், இப்ப என்ன பண்ணீங்க?"

"சாரி மேடம். பழக்கதோஷம். அந்த வரிய அவ ஒரே மூச்சுல பாடுவா. அவ விடற வரைக்கும் நாங்களும் விடக் கூடாது. சின்ன வயசுல தங்கச்சி கண்டுபிடிச்ச விளையாட்டு."

கறார் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். வரி தொடங்குவது இரண்டு நிமிடம் பத்து விநாடியில். மருந்து போய்ச் சேரப் பதினெட்டு விநாடி. அப்படியென்றால் ஒன்று ஐம்பத்திரண்டில் ஏற்ற வேண்டும்.

"சார், நாலாவது பாட்டை மறுபடி போடறேன். நான் மைக்கைத் தொடவே மாட்டேன். நீங்க விளையாடுங்க, போதும்."

"சரி மேடம்."

"ஒரு விஷயம். படம் எடுக்க ஆரம்பிச்சதும் மெஷின் போடற சத்தத்துல பாட்டு கேக்காது."

"அப்ப எங்க விடணும்னு எப்படித் தெரியும்?"

"இருபது வருஷமா கேட்டிருக்கீங்க. தெரியும்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. பத்து வருடத்தில் ஒரு தடவைகூட அவள் இப்படி முறை மாற்றிச் செய்ததில்லை. சொதப்பினால் பழி மொத்தமும் அவள் தலையில்தான் விழும். அதைவிட, வெளியே உட்கார்ந்திருக்கும் மஞ்சள் கண்களுக்கு என்ன பதில் சொல்வது?

ஒன்று ஐம்பத்திரண்டு. பொத்தானை அழுத்தினாள். மருந்தின் குளிர் கையில் ஏறியதும் அவர் விரல்கள் துடித்தன. திரையில் அலை தாறுமாறானது. இரண்டு. இரண்டு ஐந்து. அலை இன்னும் அடங்கவில்லை. கறாரின் கை மைக்கை நோக்கிப் போனது. வலுக்கட்டாயமாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு பத்து. பாடகி மூச்சை இழுத்தாள். அலை மேலே ஏறி, நேர்கோடானது.

மெஷின் தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. பாட்டு அதில் அமுங்கிப்போனது. கறார் உதட்டுக்குள் எண்ணினாள். எட்டில் கோடு லேசாக நடுங்கியது. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அது அவளுக்கே தெரியாது. பதினொன்று. பதிமூன்றில் அவளால் முடியவில்லை, விட்டுவிட்டாள். கோடு அப்படியே இருந்தது. பதினாறு. சத்தம் நின்றது. பாடகியின் குரல் அந்த வரியின் கடைசி இழுப்பில் இருந்தது. அது முடிந்த பிறகுதான் அவர் விட்டார்.

திரையில் படம் வந்தது. ரத்தக்குழாய்கள் கிளை கிளையாக, மங்கல் இல்லாமல் தெரிந்தன. கறார் அதை அனுப்பி, அவரைக் குழாயிலிருந்து இறக்கிவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடினாள். அவள் ஓடி அங்கே யாரும் பார்த்ததில்லை.

"படம் நல்லா வந்திருக்கும்மா. உங்க அண்ணன் நாலாவது பாட்டுல மூச்சு பிடிச்சார்."

"அந்த இடத்துலயா? எவ்வளவு நேரம்க்கா?"

"கடைசி வரைக்கும். பதினேழு விநாடி."

தங்கச்சி அவளையே பார்த்தாள். "இருக்காதுக்கா. எங்கிட்ட அவன் ஒரு நாளும் பத்தைத் தாண்டினதில்ல. எப்பவும் நான்தான் ஜெயிப்பேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறியது. கறாருக்கும் அப்போதுதான் உறைத்தது.

கதவைத் திறந்துகொண்டு, ஆஸ்பத்திரி அங்கியைப் பின்பக்கம் இழுத்துப் பிடித்தபடி மெக்கானிக் வந்தார். தங்கச்சி அவர் கையை எட்டிப் பிடித்தாள்.

"இருபது வருஷமா வேணும்னே தோத்து என்னை ஏமாத்தியிருக்கே."

அவர் திருதிருவென்று விழித்துக் கறாரைப் பார்த்தார்.

"உடம்பு தேறினதும் மறுபடி போட்டி," என்றாள் தங்கச்சி, அழுதுகொண்டே. "ஒழுங்கா விளையாடணும்."

"சரி," என்றார் அண்ணன்.