ஏழும் இல்லை

"உங்கண்ணன் அங்கதானே இருக்கார்?" போனில் அண்ணிக்கு மூச்சிரைத்தது.

"மாடியில இருக்கார் அண்ணி. முதல் நாள் ஓட்டம். ஏன்?"

"நெஞ்சு வலி மாத்திரையை இங்கயே வச்சுட்டுப் போயிட்டார். போன மாசம் படியேறும்போது வலின்னு டாக்டர்கிட்ட போனோம். ஃபாரத்துல அதெல்லாம் கேட்டிருப்பீங்கல்ல?"

ஜிம்மின் வரவேற்பு மேஜையில் இருந்தவள் எதிரே கிடந்த ஃபாரக் கட்டைப் பார்த்தாள்.

ஃபாரத்தில் ஏழு கேள்விகள். நெஞ்சு வலி உண்டா என்பதுதான் முதல் கேள்வி. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் டாக்டர் கடிதம் இல்லாமல் மாடிக்கு விடக் கூடாது. ஆனால் மாலை ஆறு மணிக் கூட்டத்தில் யாருக்குப் பொறுமை? அதனால் மதியமே ஏழு 'இல்லை'யிலும் தானே டிக் அடித்து, ஒரு கட்டு தயாராக வைத்துவிடுவாள். வருபவர் கையெழுத்துப் போட்டால் போதும். அண்ணனும் போட்டிருந்தான். "என்ன தங்கச்சி, சொத்தை எழுதி வாங்குறியா?" என்று சிரித்துக்கொண்டே!

படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள்.

மாடியில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. வரிசையாகப் பதினோரு டிரெட்மில்கள். கடைசியில் அண்ணன். பக்கத்தில் பயிற்சியாளர்.

"உங்கண்ணன் பிச்சு உதறுறாரு! ஏழும் இல்லைன்னு இருந்துச்சா, வேகத்தைக் கூட்டிட்டேன்."

அண்ணனின் முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. இடது கை நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பட்டை வேகம் குறைந்து நின்றது. அண்ணனின் முழங்கால் மடங்கியது. இருவரும் தாங்கிப் பிடித்துக் கிடத்தினார்கள். பயிற்சியாளர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

"வலிக்குதாண்ணா?"

"யானை உக்காந்திருக்கு... அண்ணிகிட்ட சொல்லிடாத."

"அண்ணிதான் போன் பண்ணாங்க."

"அப்ப செத்தேன்."

"முன்னாடியே ஏண்ணா சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே?"



எட்டு நிமிடத்தில் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். நாக்குக்கு அடியில் மருந்து. முகத்தில் மூச்சுக் கவசம். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் திரும்பியது. "நேரத்துக்கு நிறுத்தினீங்க" என்றார் ஒருவர். அண்ணனோடு பயிற்சியாளரும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். அண்ணி நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறாளாம்.

அப்பாடா என்று திரும்பியவள் உறைந்தாள்.

வேடிக்கை பார்த்த கூட்டம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. பத்துப் பட்டைகள். பத்துப் பேர். பத்துப் பேருக்கும் டிக் அடித்தது அவள் கைதான்.

பாட்டை நிறுத்தினாள். மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் மெஷினை நிறுத்திட்டு இறங்குங்க... உங்க ஃபாரத்துல கேள்விக்கெல்லாம் டிக் அடிச்சது நான். உங்க யாரையும் நான் எதுவுமே கேக்கல."

ஒவ்வொரு பட்டையாக நின்றது. மூன்றாவது மெஷினில் இருந்த எதிர்க்கடைத் தையல்காரர் மட்டும் இறங்கவில்லை. கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தார். நெற்றியில் வியர்வை ஆறாய் ஓடியது.

"ஏம்மா," என்றார் மெதுவாக. "அதுல நெஞ்சு வலி பத்திக் கேள்வி இருந்துச்சா?"